நெடுநாள் நின்ற ஸ்போர்ட்ஸ் காரில் சார்ஜ் ஏறவில்லை: ஆல்டர்னேட்டரை மாற்றுவதற்கு முன் அளக்க வேண்டியவை

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிவிடுகிறேன். இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், மூன்று வருடங்களுக்கு மேல் உறை போட்டு ஷெட்டில் நின்றது. புதிய பேட்டரி மாட்டியதும் இன்ஜின் ஓடியது. ஆனால் ஐடிலிங்கில் பேட்டரியில் 12.3 வோல்ட்தான் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் 13.1 வரை ஏறுகிறது, அதைத் தாண்டுவதில்லை. நிறுத்திவிட்டு இரண்டு நாள் கழித்துப் போனால் ஸ்டார்ட் ஆவதில்லை. பேட்டரி டிக்கியில் இருக்கிறது. மெக்கானிக் ஆல்டர்னேட்டரை, அதாவது இன்ஜின் ஓடும்போது பெல்ட்டால் சுழன்று மின்சாரம் தரும் கருவியை, மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. ஓடும்போது உற்பத்தியாகும் மின்சாரம் பேட்டரிக்கு வந்து சேர்கிறதா என்பது ஒன்று. நிற்கும்போது பேட்டரியிலிருந்து ஏதாவது உறிஞ்சுகிறதா என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே கோளாறு என்று எடுத்துக்கொண்டால் பணம்தான் செலவாகும். தனித்தனியாகப் பார்ப்போம்.

வாகன மின்வேலையில் பல வருடங்களாக இருப்பவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: நெடுநாள் நின்ற காரில் முதலில் கெடுபவை, மின்சாரம் ஓர் உலோகத்திலிருந்து இன்னொரு உலோகத்துக்குத் தாவும் இடங்கள். டெர்மினல், பேட்டரியைக் காரின் பாடியோடு சேர்க்கும் எர்த் கேபிளின் முனை, பியூஸ் பிடிப்பு, ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் உட்காரும் ஸ்லிப் ரிங் என்ற வளையம், கனெக்டர் ஊசிகள். ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் செம்புச் சுற்று சும்மா நின்றதால் கெட்டுப்போவது அரிது. அதனால்தான், அளந்து பார்க்காமல் ஆல்டர்னேட்டரைக் கழற்றச் சொல்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

முதலில் பேட்டரி. புதிதாக வாங்கியது என்பதால் அது முழு சார்ஜில் இருக்கிறது என்று பொருள் இல்லை. கடையில் இருக்கும்போதே சார்ஜ் மெல்ல இறங்கும். நீங்கள் வாங்கிய பிறகு அது ஏற்கெனவே சில முறை காலியாகியும் இருக்கிறது. ஈய அமில பேட்டரி காலியான நிலையில் கிடக்கும்போது தகடுகளில் படியும் ஈய சல்பேட் நாளாக ஆக இறுகி, மறுபடி கரைய மறுக்கும். எனவே அதைக் கழற்றி, வெளிச் சார்ஜரில் போட்டு நிரப்புங்கள். 60 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 6 ஆம்பியர் அளவிலான சார்ஜர் போதும். அமிலத்தைக் கண்ணாடி இழை விரிப்பில் உறிஞ்சி வைத்திருக்கும் ஏஜிஎம் வகை என்றால் சார்ஜரில் அதற்கான தேர்வை வையுங்கள். காற்றோட்டமான இடமாக இருக்கட்டும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். நிறைந்த பிறகு சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் 12.6 அல்லது 12.7 இருக்க வேண்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். முழு இரவு சார்ஜ் செய்தும் 10.5 பக்கமே நின்றால் ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தாலும் பேட்டரி மேல் சந்தேகம் வர வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பாதி காலியான பேட்டரி ஆல்டர்னேட்டர் தரும் மின்னோட்டத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு மின்னழுத்தத்தைக் கீழே இழுத்துப் பிடிக்கும். அந்த நிலையில் எடுத்த 13.1 என்ற அளவை வைத்து எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாது. காலியான பேட்டரியை ஓட்டியே நிரப்பிவிடலாம் என்று நினைப்பதும் தவறு. நிரம்பிய பேட்டரியைப் பராமரிப்பதற்காக வடிவமைத்த ஆல்டர்னேட்டரை நீண்ட நேரம் முழுச் சுமையில் வைத்தால் அதற்குள் மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகள் சூடேறி, நல்ல ஆல்டர்னேட்டரும் கெடும்.

பேட்டரியை நிரப்பி மாட்டிய பிறகு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். டாஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிகிறதா? நீங்கள் இதைக் குறிப்பிடவில்லை. எனக்கு மிகவும் தேவைப்படும் தகவல் இதுதான். 1970களிலிருந்து 1990கள் வரையிலான பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு வெறும் எச்சரிக்கை விளக்காக மட்டும் இருப்பதில்லை. ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் பாகமான ரோட்டார் காந்தமாவதற்கான தொடக்க மின்னோட்டம் அந்தப் பல்பின் வழியாகத்தான் போகிறது. பல்பு எரிந்துபோயிருந்தாலோ, அதற்கும் ஆல்டர்னேட்டருக்கும் நடுவில் உள்ள மெல்லிய கம்பி அறுந்திருந்தாலோ, கனெக்டரில் களிம்பு ஏறியிருந்தாலோ ஆல்டர்னேட்டர் விழிப்பதே இல்லை. எலி கடித்த கம்பியையும் மறக்காதீர்கள். நெடுநாள் நின்ற கார்களில் அது சர்வசாதாரணம்.

விளக்கு எரியவில்லை என்றால் ஒரு சோதனை செய்யுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்து, மல்டிமீட்டரைப் பார்த்தபடி ஒரே ஒரு முறை நிமிடத்துக்கு 3000 சுற்று வரை ஏற்றி, மறுபடி ஐடிலிங்குக்கு விடுங்கள். ரோட்டாரின் இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்தன்மை வேகம் கூடும்போது தானாகவே உற்பத்தியைத் தொடங்கி வைக்கும். வேகம் குறைந்த பிறகும் 13.5-க்கு மேல் நிலைத்து நின்றால் ஆல்டர்னேட்டர் நல்ல நிலையில்தான் இருக்கிறது. கோளாறு விளக்குச் சுற்றில் இருக்கிறது. வேகம் குறைந்ததும் மறுபடி 12.3-க்கே இறங்கிவிட்டால் பெல்ட், பிரஷ், டயோடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியதில் வேகம் ஏற்றியதும் அளவு ஏறியது என்று மட்டும்தான் இருக்கிறது. பிறகு இறங்கியதா என்பது இல்லை.

அடுத்தது வோல்ட்டேஜ் டிராப் சோதனை, அதாவது வழியில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று பார்ப்பது. உங்கள் காரைப் பொறுத்தவரை நான் அதிகம் நம்புவது இதைத்தான், ஏனென்றால் உங்கள் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற பல ஸ்போர்ட்ஸ் கார்களில் எடையைச் சமமாகப் பிரிப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். விளைவாக, முன்னால் இருக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நீளமான கேபிளும் வழிநெடுக இணைப்புகளும் இருக்கும். இன்ஜினை 1500 முதல் 2000 சுற்றில் ஓட விட்டு, ஹெட்லைட், உள்விசிறி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பின்னால் தடித்த கேபிள் மாட்டிய போல்ட்டிலும், கறுப்பு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வையுங்கள். கிளாம்பின் மேல் வைக்காதீர்கள், ஈய முனையின் மேலேயே வையுங்கள். கிளாம்புக்கும் முனைக்கும் நடுவில்தான் பல நேரம் திருடன் இருப்பான். கைக்கு எட்டாவிட்டால் மெல்லிய நீளக் கம்பி ஒன்றை முனையில் சேர்த்துக்கொள்ளலாம். இந்தச் சோதனையில் அது அளவைப் பாதிக்காது. சுழலும் பெல்ட்டிலிருந்து அந்தக் கம்பியையும் உங்கள் சட்டைக் கையையும் தள்ளி வையுங்கள். அளவு 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. நீளமான கேபிள் என்பதால் 0.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதே போல ஆல்டர்னேட்டரின் உடம்புக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவில் 0.2-ஐத் தாண்டக் கூடாது.

ஓம் அளவில் வைத்து கேபிளைச் சோதித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அந்தச் சோதனை இங்கே பயன்படாது. ஒரு மோசமான இணைப்பில் 0.04 ஓம் மின்தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மல்டிமீட்டருக்கு அது சுழியம் மாதிரிதான் தெரியும். பத்துப் பிரிகள் அறுந்து ஒரே ஒரு பிரி மிச்சமிருக்கும் கேபிளும் ஓம் சோதனையில் தேறிவிடும். ஆனால் அந்த 0.04 ஓம் இணைப்பின் வழியே 30 ஆம்பியர் ஓடும்போது 1.2 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும், 36 வாட் வெப்பமாக. ஆல்டர்னேட்டரின் போல்ட்டில் 14.3 இருக்கும், டிக்கியில் 13.1 இருக்கும். உங்கள் 13.1 இப்படி வந்ததாக இருக்கலாம் என்பது என் ஊகம்; உறுதியாகச் சொல்ல அந்த போல்ட்டில் எடுத்த அளவு வேண்டும். அங்கே 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டரைத் தொடாதீர்கள்.

இழப்பு எர்த் பக்கம் என்று தெரிந்தால் இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டையைத் தேடுங்கள். அது வெளியிலிருந்து பார்க்கச் சரியாகவே இருக்கும். போல்ட்டைக் கழற்றி முனையைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் களிம்பு பச்சையாகப் பூத்திருக்கும். பாடியில் அது உட்கார்ந்த இடத்தில் பெயின்டுக்கு அடியில் துரு வட்டமாகப் பரவியிருக்கும். பின்னலை விரலால் மடக்கினால் இழைகள் நொறுங்கி உதிர்வதையும் பார்க்கலாம். உதிர்ந்தால் பட்டையை மாற்றுங்கள். இழைகள் நன்றாக இருந்தால் முனை, வாஷர், பாடி மூன்றையும் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, பிறகு மேலே மெல்லியதாக வாசலின் தடவுங்கள். தடவிவிட்டு இறுக்குவதைவிட இறுக்கிவிட்டுத் தடவுவதே நல்லது. இந்த வேலை எதைத் தொடங்கும் முன்பும் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். ஆல்டர்னேட்டரின் போல்ட்டில் எப்போதும் பேட்டரி மின்சாரம் இருக்கிறது, ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

இணைப்புகள் எல்லாம் சரியாக இருந்து, ஆல்டர்னேட்டரின் போல்ட்டிலேயே அளவு குறைவாக இருந்தால்தான் ஆல்டர்னேட்டருக்குள் போக வேண்டும். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது பிரஷ்களை. பழைய மாடல்கள் பலவற்றில் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் இரண்டு கார்பன் பிரஷ்களும் ஒரே துண்டாக, பின்பக்கம் இரண்டு திருகுகளில் மாட்டியிருக்கும். இடம் இருந்தால் ஆல்டர்னேட்டரைக் கழற்றாமலே எடுத்துவிடலாம். வருடக்கணக்கில் ஈரக்காற்றில் நின்ற காரில் பிரஷ் தன் கூட்டுக்குள் இறுகிப்போயிருக்கும். விரலால் அழுத்திவிட்டால் ஸ்பிரிங் அதை வெளியே தள்ள வேண்டும், தள்ளாது. துளை வழியாக டார்ச் அடித்து ஸ்லிப் ரிங்கைப் பாருங்கள். செம்பு நிறத்துக்குப் பதிலாக மங்கலான பழுப்புப் படலமும், பிரஷ் அசையாமல் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு கரும்புள்ளியும் தெரிந்தால், காரணம் கையில் கிடைத்துவிட்டது. மிக மெல்லிய உப்புத்தாளைச் சிறு பட்டையாகக் கிழித்து, ரோட்டாரைக் கையால் சுற்றியபடி வளையத்தை மெருகேற்றினால் போதும். பிரஷ் வெளியே நீட்டியிருக்கும் நீளம் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கையோடு இரண்டு வளையங்களுக்கும் நடுவில் ஓம் அளவையும் எடுங்கள்: சில ஓம் இருக்க வேண்டும். தொடர்பே இல்லையென்றாலும், வளையத்துக்கும் தண்டுக்கும் நடுவில் தொடர்பு இருந்தாலும், ரோட்டார் போய்விட்டது.

பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வருடக்கணக்கில் ஒரே வளைவில் நின்ற ரப்பர் இறுகிவிடும், புல்லியில் துரு ஏறியிருக்கும், சுமை வந்ததும் வழுக்கும். விலை குறைந்த பொருள். சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. 1980கள் வரையிலான, காற்றால் குளிரும் போர்ஷே 911 கார்களில் ஆல்டர்னேட்டரும் குளிர்விக்கும் விசிறியும் ஒரே தண்டில், ஒரே பெல்ட்டில் சுழல்கின்றன. வேறு பல கார்களில் அதே பெல்ட் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. அப்படிப்பட்ட காரில் ஓடும்போது சார்ஜ் விளக்கு எரிந்தால் அங்கேயே நிறுத்திப் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். வீடு வரை ஓட்டினால் இன்ஜினே போய்விடும்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: இரண்டு நாளில் காலியாவது. நல்ல நிலையில் இருக்கும் கார் நிற்கும்போது 50 மில்லிஆம்பியருக்குள் எடுக்கும். நாளுக்கு அது 1.2 ஆம்பியர்-மணி, நிரம்பிய 60 ஆம்பியர்-மணி பேட்டரி பாதியாக இறங்கவே 25 நாட்கள் ஆகும். அதே பேட்டரி 48 மணி நேரத்தில் முழுவதும் காலியாக வேண்டுமென்றால் இடைவிடாமல் 1.25 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 15 வாட் ஓடியிருக்க வேண்டும். டிக்கி விளக்கு அணையாமல் எரிந்தால் அதில் ஒரு பகுதி கணக்குக்கு வரும், அதற்கு மேல் வேறு ஏதாவது வேண்டும். எனக்குத் தோன்றுவது என்னவென்றால், கசிவே இல்லாமலும் இருக்கலாம்: சார்ஜ் ஏறாத கார் ஓடியபோது பேட்டரியைத் தின்றிருக்கிறது, ஏற்கெனவே முக்கால்வாசி காலியான பேட்டரி இரண்டு நாளில் ஸ்டார்ட்டரைச் சுற்ற முடியாத நிலைக்கு வந்திருக்கிறது. பேட்டரியை வெளியே வைத்து நிரப்பி, காரில் மாட்டி, ஓட்டாமல் இரண்டு நாள் விட்டு அளந்தால் இது தெளிவாகிவிடும்.

உண்மையாகவே இறங்கினால், நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணைத்து அளக்கவும். மீட்டர் இணைந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். கதவுப் பூட்டைத் திருப்புளியால் அழுத்தி மூடியதுபோல் வைத்துவிட்டுக் காத்திருங்கள். புதிய கார்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் உறங்கப்போக அரை மணி முதல் ஒரு மணி நேரம் எடுக்கும். அதற்கு முன் எடுத்த அளவு பொய் சொல்லும். உறங்கிய பிறகும் அதிகமாக இருந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்தாலும் அளவு குறையவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் டயோடு மேல் சந்தேகப்படலாம், ஏனென்றால் அதன் தடித்த கேபிள் பல கார்களில் சாதாரண பியூஸ் பெட்டி வழியாகப் போவதில்லை. இரவு முழுதும் நின்ற காரில் காலையில் ஆல்டர்னேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறதா? இருந்தால் டயோடு பின்னோக்கிக் கடத்துகிறது. ஓடும்போது மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரியில் அளந்தால் 0.5-க்கு மேல் வருவதும், சார்ஜ் விளக்கு மங்கலாக மினுங்குவதும் அதே நோயின் அறிகுறிகள். டயோடு ஒன்று போயிருந்தால் உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் அதுவே விடையாகவும் இருக்கலாம். அந்த நிலையில் மெக்கானிக் சொன்னது சரி.

கார் எந்த வருடத்தது என்று நீங்கள் சொல்லாததால் மேலே எழுதியவற்றில் ஒரு வரம்பு இருக்கிறது. மிகப் பழையது என்றால் அதில் ஆல்டர்னேட்டரே இல்லாமல் இருக்கலாம். எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் 1967 வரை ஆல்டர்னேட்டருக்கு முந்தைய கருவியான டைனமோவும், பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியோடு சேர்க்கும் பாசிட்டிவ் எர்த்தும்தான். டைனமோ ஐடிலிங்கில் சார்ஜ் செய்யாமல் இருப்பது இயல்பு, பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் பெரும் சேதம். மிகப் புதியது என்றால் மின்னழுத்தத்தைக் கணினி தீர்மானிக்கிறது. பேட்டரி நிரம்பியிருந்தால் வேண்டுமென்றே 12.8 பக்கம் வைத்துவிட்டு, பிரேக் பிடிக்கும்போது 15 வரை ஏற்றும். அப்படிப்பட்ட காரில் ஒரே ஓர் அளவை வைத்துக் கோளாறு என்று சொல்லக் கூடாது. ஸ்கேனர் வைத்துப் பார்க்க வேண்டும். சிலவற்றில் புதிய பேட்டரி மாட்டியதைக் கணினியில் பதிவு செய்யவும் வேண்டும்.

ஒரு பழக்கத்தை மட்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், விட்டுவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி, இன்ஜின் நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் நல்லது என்று முடிவு செய்வது டைனமோ காலத்துச் சோதனை. கேபிள் பிரியும் நொடியில் மின்னழுத்தம் பல பத்து வோல்ட்டுக்குத் தாவும். ரெகுலேட்டரும் இன்ஜின் கணினியும் அதைத் தாங்காமல் போகலாம். யார் செய்து காட்டுகிறேன் என்று வந்தாலும் உங்கள் காரில் அனுமதிக்காதீர்கள்.

எல்லாம் பார்த்த பிறகு ஆல்டர்னேட்டர்தான் குற்றவாளி என்று தெரிந்தால், காருடன் வந்த பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். பிரஷ், ரெகுலேட்டர், பேரிங், டயோடு தட்டு நான்கும் பெரும்பாலான மாடல்களுக்குத் தனித்தனியாகக் கிடைக்கின்றன. அசலைச் சீர்செய்து மாட்டுவது இப்படிப்பட்ட காருக்கு நல்லது. நெடுநாள் நின்றதில் பேரிங் கிரீஸும் இறுகியிருக்கும் என்பதால், திறந்த கையோடு பேரிங்கையும் மாற்றச் சொல்லுங்கள். மாட்டிய பின் வோல்ட்டேஜ் டிராப் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். இப்போதைக்கு எனக்கு வேண்டியவை மூன்று: சாவியைத் திருப்பும்போது சிவப்பு விளக்கு எரிகிறதா, வேகம் ஏற்றி இறக்கிய பிறகு ஐடிலிங்கில் எத்தனை வோல்ட், ஆல்டர்னேட்டரின் போல்ட்டில் எத்தனை வோல்ட். பேட்டரியை வெளிச் சார்ஜரில் நிரப்பிய பிறகு எடுத்த அளவுகளாக இருக்கட்டும்.